அளவு ஜாக்கெட்டும் பருத்தி நூலும்

எனக்கு எதுக்கு அண்ணி அதெல்லாம். கீர்த்தனாவோட அளவு ஜாக்கெட் தோ இருக்கு, கவர்ல போட்டு ரெடியா வெச்சிட்டேன். நிச்சயத்துக்குப் பொண்ணுக்குத் தச்சாப் போதும், பொண்ணோட அம்மாவ யாரு பாக்கப் போறாங்க. மாப்ள வூட்லருந்து அம்மாவுக்கும் ஒரு புடவை எடுத்து, ஜாக்கெட்டும் தச்சிக் குடுக்கறது உங்க பக்கத்து மொறைன்னு சொல்றீங்க, நான் வேணான்னு சொல்லல. புடவையக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கினு வாங்கிக்கிறேன். ஜாக்கெட்ட மட்டும் நான் இங்கியே யார்கிட்டயாவது குடுத்துத் தச்சிக்கிறேன். அப்பிடியா. டைலரு இன்னிக்கே அளவு வேணும்னு சொல்றாரா. டைலருங்க எல்லாருமே அப்பிடித்தான் சொல்லுவாங்க அண்ணி. வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு இன்னும் நாள் கெடக்குல்ல.

மொதல்ல ஒக்காருங்க. அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். கட்டில்ல ஒக்காருங்க. கீழ்பென்னாத்தூர்லருந்து இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, ஒரு போன் பண்ணியிருந்தா இவரையாவது வூட்ல இருக்கச் சொல்லியிருப்பேன். மல்லாட்டை மூட்டைய ஏத்திக்கினு மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருக்காரு, எடை போட்டு வர சாயங்காலம் ஆயிடும். கீர்த்தனா வேங்கிக்கால்ல அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போயிட்டா. நான் ஒருத்திதான். வூடு வேற இப்பிடிக் கெடக்குது. பௌர்ணமிக்கு மலை சுத்தறவங்களுக்கு வாசல்ல தண்ணி வெச்சோம், அந்தக் குடமும் டம்ளரும் இன்னும் கழுவாமக் கெடக்கு. கழுவணும். எதப் பாத்தாலும் கழுவணும், தொடைக்கணும், மடிக்கணும். முன்ன மாதிரி ஒடம்பு கேக்க மாட்டேங்குது. இல்ல இல்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வயசாவுதுல்ல, அதச் சொன்னேன்.

இதுவா. இது குரோஷா ஊசி. முனையில சின்னதா கொக்கி இருக்கு பாருங்க, அதுல நூல மாட்டி மாட்டி இழுக்கணும். சும்மா, பொழுது போவணும்ல. பள்ளிக்கூடத்துல எங்க கத்துக்கறது, என்ன ஏழாவதோட நிறுத்திட்டாங்க. இது இப்பதான், போன வருசத்துலருந்து. வேலூர்ல எங்க அக்கா தமிழ்செல்வி வூட்ல கொஞ்ச மாசம் இருந்தேன். அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, தொணைக்கு. அங்க ரூக்ஸார்னு ஒரு பொண்ணு பழக்கமாச்சு. நம்ம ஊர்ப் பொண்ணுதான், தேரடி வீதில வளையல், ரிப்பனு, ஊசி நூலெல்லாம் விப்பாரே ஜானி பாஷா, அவரு பொண்ணு. எந்நேரமும் எதையாவது பின்னிக்கினே இருப்பா. எனக்குக் கை மரத்து மரத்துப் போச்சு. சும்மா வெச்சிருக்காத, மெதுவா எதுனா வேலை குடுத்துக்கினே இருன்னு சொல்லியிருந்தாங்க. இந்தாங்க ஆன்ட்டின்னு அவதான் ஒரு ஊசியக் கைல குடுத்தா.

எந்தக் கையா. எடது கை. சொன்னாங்க, யாரோ. ஒரு டாக்டரம்மா.

மொத மொத வெறும் சங்கிலிதான் போடச் சொன்னா. ஒரு கண்ணிக்குள்ள இன்னொரு கண்ணி, அதுக்குள்ள இன்னொண்ணு. அது எனக்குச் சுளுவா வந்துடுச்சு. பூ கட்டற கைதான. கட்டிலுக்கு இந்தக் கால்லருந்து அந்தக் கால் வரைக்கும் போட்டுக்கினே போனேன். அக்கா பாத்துட்டு, என்னாடி, மாட்டக் கட்டப் போறியான்னா.

அப்புறம் மப்ளர். இவருக்கு மார்கழில காது அடைச்சிக்கும், அதுக்குப் போடலாம்னு ஆரம்பிச்சேன். நேராப் போவணும், திரும்பி வரணும், நேராப் போவணும், திரும்பி வரணும். அவ்ளோதான் வேலை. ஆனா என்னாத்துக்குன்னே தெரில, வர வரக் குறுகிக்கினே போவுது. கடைசில பாத்தா ஒரு பக்கம் துண்டு மாதிரி அகலம், ஒரு பக்கம் சமோசா மூக்கு. இவரு அதக் கழுத்துல சுத்திப் பாத்துட்டு, ஒரு காதுக்குத்தான் வருது, இன்னொண்ண கையால மூடிக்கிறேன்னாரு. வீடியோ கால்ல காட்டினப்புறம் ரூக்ஸார் கண்டுபுடிச்சா. திரும்பற எடத்துல, ஓரத்துல இருக்கற கடைசிக் கண்ணிய நான் ஒவ்வொரு வாட்டியும் வுட்டுட்டு வரேனாம். ஒவ்வொண்ணா கொறஞ்சா தெரியவே தெரியாது ஆன்ட்டி, முடிஞ்சப்புறம்தான் தெரியும்னா.

அவ அனுப்பற படத்துல எல்லாம் இங்கிலீஷ் எழுத்து போட்டிருக்கும். எனக்கு எங்க தெரியும். நானே பேரு வெச்சிக்கினேன். சின்ன முடிச்சுக்கு குட்டச்சி, ஒசரமா வர்றதுக்கு நெட்டச்சி. குட்டச்சி ரெண்டு போட்டு நெட்டச்சி ஒண்ணுன்னு வாயில சொல்லிக்கினே போடுவேன். கீர்த்தனா கேட்டுட்டு, எந்த வூட்டு மாமியார் மருமகளப் பத்திம்மா பேசற அப்பிடின்னா. உங்கள சொல்லல அண்ணி. நீங்க ஒண்ணும் குட்டை இல்ல.

சிரிங்க, பரவால்ல. குல்லா கதையக் கேட்டா இன்னும் சிரிப்பீங்க. நான் வயர் கூடை பின்றவ. இந்த அடி அண்ணாமலைல யாரு கைல கூடை தொங்கினாலும் பாதி நான் போட்டதாத்தான் இருக்கும். கூடைன்னா ஒவ்வொரு முடிச்சையும் பல்லக் கடிச்சிக்கினு இழுக்கணும். லூசா வுட்டா, காய்கறி வெச்சதும் அடி தொங்கிப் போயிடும். அந்தப் பழக்கம் கைய வுட்டுப் போவுமா. குல்லாவையும் அப்பிடியே இறுக்கி இறுக்கிப் போட்டுட்டேன். முடிச்சிட்டு கட்டில் மேல வெச்சேன், குண்டான் மாதிரி தன்னால நிக்குது. தட்டினா சத்தம் வருது. பக்கத்து வூட்டு அன்புச்செல்வி கொழந்த தலைல மாட்டிப் பாத்தேன். கழட்டறதுக்குள்ள அது கத்தின கத்து இருக்கே. நெத்திய சுத்தி வரி வரியாப் பதிஞ்சி போச்சு. அதுலருந்து அன்புச்செல்வி கொழந்தைய இங்க வுடறதில்ல. அந்தக் குல்லா தோ, அடுப்பாண்ட தொங்குது பாருங்க, பூண்டு போட்டு வெச்சிருக்கேன். பூண்டுக்கு நல்லா இருக்கு.

ரூக்ஸார் கிட்ட காட்டினேன். ஆன்ட்டி, இதுல நீங்க மாங்கா தூக்கிக்கினு போவப் போறதில்ல, ஒடம்பு மேல போட்டுக்கப் போறீங்க, நூல கொஞ்சம் மூச்சு வுட வுடுங்கன்னா. சொல்றது சுளுவு. லூசா வுட்டா எல்லாம் கழண்டு கைல வந்துடும்னே எனக்கு மனசு அடிச்சிக்கும். பிரிப்பேன், போடுவேன். மறுபடியும் இறுகிடும். பிரிப்பேன். பிரிச்சிப் பிரிச்சி நூலே நூடுல்ஸ் மாதிரி சுருண்டு போச்சு.

அப்புறம் ரெண்டு ஊசில ஸ்வெட்டர் போட்டேன், இவருக்கு. கை வெக்கல, கை வெக்கற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்ல. தீபத்தப்ப குளுரு ஜாஸ்தியா இருந்துதுல்ல, அதுக்குள்ள எப்பிடியோ முடிச்சேன். ஒரு அக்குள்ள தலையே போவும், இன்னொரு அக்குள்ள கையே போவல. அத மாட்டிக்கினு பால் வாங்கப் போனாரு. எவனோ, என்னா சின்னசாமி, மூட்டையக் கிழிச்சி மாட்டிக்கினியான்னு கேட்டானாம். ஆமாய்யா, என் பொண்டாட்டி போட்ட மூட்டைன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. கழட்டல. பங்குனி வரைக்கும் போட்டுக்கினு திரிஞ்சாரு. அந்த மனுசன் ஒரு கொறை சொல்லல அண்ணி. எதுலயும் சொல்லல.

ஆங், ஜாக்கெட்டு. வுட மாட்டேங்கறீங்களே. நாளைக்கு இவர்கிட்ட குடுத்தனுப்பட்டுமா. உங்க ஊர்ப் பக்கம் லோடு எடுக்க வருவாரு. நாளைக்குக் கட லீவா. அதுவும் சரிதான்.

நான் இவ்ளோ பேசறேன்னு தெரிஞ்சா எங்க நாத்தனா சரசு என்னக் கொன்னே போடுவா. மாப்ள வூட்டுக்காரங்க யாரு வந்தாலும் நீ டீய வெச்சமா, குடுத்தமான்னு இரு, வாயத் தொறக்காத, தொறந்தா எதையாவது ஒளறி வெப்பன்னு சொல்லி வெச்சிருக்கா. அவளச் சொல்லியும் குத்தமில்ல. உங்களுக்கு முன்னாடி போளூர்லருந்து ஒரு எடம் வந்துது, தெரியுமில்ல. வந்தாங்க, கேசரி சாப்ட்டாங்க, பொண்ண ரொம்பப் புடிச்சிருக்குன்னாங்க. அந்தம்மா கீர்த்தனா தலைல பூக்கூட வெச்சிட்டுப் போச்சு. அப்புறம் போனே வரல. நாங்க பண்ணாலும் எடுக்கல. எங்க குடும்பத்தப் பத்தி யாரோ எதையோ சொல்லிட்டாங்க. வுடுங்க, அத இப்ப எதுக்கு. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எத்தினி நாள் சரியா சோறு தின்னல தெரியுமா. அழக்கூட இல்ல. நான் அழுவேன்னு அழாம இருந்தா.

உங்க புள்ள விமல்ராஜ் வந்து பாத்துட்டுப் போனதுலருந்துதான் இந்த வூட்ல பாட்டு கேக்குது. தட்டு கழுவறப்ப பாடறா. வண்டிய எடுக்கறப்ப பாடறா. சுருதியும் இல்ல ஒண்ணும் இல்ல. அது நின்னுடக் கூடாது அண்ணி. வேற ஒண்ணும் எனக்கு வேணாம். வெள்ளிக்கிழமை ஒழுங்கா நடந்துடணும், அவ்ளோதான். அத நெனச்சா எனக்கு சோறு உள்ள போவ மாட்டேங்குது.

இது என்னான்னு கேக்கறீங்களா. குல்லா இல்ல. வட்டம்தான், ஆனா குல்லா இல்ல. பேரனுக்கா. நல்லா இருக்கே, இன்னும் தட்டே மாத்தல, அதுக்குள்ள பேரனா. இது கொழந்த தலைக்கு சேராது அண்ணி. போட்டுக்கறதுதான். இல்ல, குளுருக்கு இல்ல. குளுருக்குன்னா உல்லன் நூல்ல போட்டிருப்பேனே. இது பருத்தி. நம்ம ஊரு வெயிலுக்கு உல்லன் ஒடம்புல பட்டா அரிக்கும். பருத்தின்னா வேர்வைய இழுத்துக்கும்.

இதுதான் எல்லாத்தவிட கஷ்டம். நடுவுல ஒரு புள்ளில ஆரம்பிச்சி சுத்திச் சுத்தி வரணும். கண்ணிய ஏத்திக்கினே போனா தோசை மாதிரி தட்டையா வரும். ஏத்தறத நிறுத்தினா அந்த எடத்துலருந்து கிண்ணம் மாதிரி குழியும். எங்க நிறுத்தணுங்கறதுதான் வேலையே. நான் ஒண்ணு முன்னாடியே நிறுத்திடறேன், எலுமிச்சம்பழத்துக்கு உறை போட்ட மாதிரி ஆயிடுது. இல்லன்னா மறந்துட்டு ஏத்திக்கினே போயிடறேன், பாத்திரம் எறக்கற துணி மாதிரி ஆயிடுது. அந்த மாதிரி ஆனதுல ரெண்டு அடுப்பாண்டதான் கெடக்கு. இது ஒண்ணாவது வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கா வந்துடணும். வந்துதுன்னா நானே உங்களுக்கு ஜாக்கெட் அளவு குடுத்துடுவேன்.

இதுக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்னா, ஒண்ணும் இல்ல. வாயில வந்துது, சொல்லிட்டேன். இருங்க, டீ வெக்கறேன். சக்கரை கம்மியா போடட்டுமா. உங்களுக்கு சுகர் இருக்கா. இல்லியா. அப்ப போடறேன்.

நீங்க பேசுங்க, எனக்குக் கேக்கும். எங்க போறீங்க அண்ணி. பின்னாடி வெயிலு, கால் சுடும். கொடில காயற ஜாக்கெட்டயா. வேணாம் அண்ணி, அது பழசு, அது அளவுக்கு ஆவாது. நான் பொட்டிலருந்து எடுத்துத் தரேன், இருங்க. அண்ணி, அத வுடுங்க.

எடுத்துட்டீங்களா.

சரி.

உள்ள பை மாதிரி இருக்கா. ஆமா, எடது பக்கம். அது நான் கையாலயே வெச்சித் தச்சது. சில்லறை வெச்சிக்கத்தான். பௌர்ணமி கூட்டத்துல இடுப்புல சொருகினா எவனாவது உருவிடறான், அதுக்காக உள்ள ஒரு பை. இல்லன்னா போன் வெச்சிக்க. ஆமா, பெருசுதான். சில்லறைக்கு எதுக்கு அம்மாம் பெரிய பை.

பாலு பொங்குது, இருங்க. அணைச்சிட்டேன்.

உள்ள வந்து ஒக்காருங்க அண்ணி. அத மடியில வெச்சிக்கங்க, பரவால்ல. ஒரு பொய்யச் சொன்னா அதுக்கு முட்டுக் குடுக்க இன்னொண்ணு, அதுக்கு இன்னொண்ணு. எனக்கு அலுத்துப் போச்சு. எங்க அக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன்ல, அக்கா நல்லாத்தான் இருக்கா. எனக்குத்தான். எடது மார எடுத்துட்டாங்க. போன வருசம், வேலூர்ல. கட்டி இருந்துது, கேன்சருன்னாங்க. மருந்தெல்லாம் ஏத்தி முடிஞ்சிது. இப்ப ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லியிருக்காங்க, அப்பப்ப போயி காட்டிட்டு வரேன். ரூக்ஸாருக்குப் பக்கத்துக் கட்டில். அவளுக்கு வலது.

அந்தப் பை அதுக்குத்தான். கைல இருக்கற இதுவும் அதுக்குத்தான். உள்ள பஞ்சு அடைச்சி, பைக்குள்ள வெச்சிக்கணும். கடைல ரப்பர் மாதிரி ஒண்ணு விக்கறாங்க, வாங்கிக் குடுத்தாரு. வெயில்ல அது நெருப்பாக் காயுது, கனம் வேற, தோளப் புடிச்சி இழுக்குது. கைக்குட்டைய உருட்டி வெச்சிப் பாத்தேன். ஒரு காதுகுத்துல, கொழந்தையத் தூக்கக் குனிஞ்சேன், அது ஏறிக்கினே வந்து கழுத்தாண்ட நின்னுடுச்சு. முந்தானைய இழுத்துப் போத்திக்கினு ஒரு பந்தி முடியற வரைக்கும் அப்பிடியே நின்னேன். சித்திரை வெயில்ல, என்னா குளுருதான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

வெள்ளிக்கிழமை அத்தினி பேரு முன்னாடி நானும் இவரும் தட்டத் தூக்கி உங்க கைல குடுக்கணும். பட்டுப்புடவை தோள்ல நிக்காது. அதுக்குத்தான் இத முடிக்கப் பாத்தேன். பழைய அளவு ஜாக்கெட்டக் குடுத்தா அந்தப் பக்கம் தொளதொளன்னு நிக்கும். இப்ப இருக்கற அளவக் குடுத்தா டைலரு என்னாம்மா இதுன்னு உங்ககிட்ட கேப்பாரு. ரெண்டையும் குடுக்க முடியாமத்தான், நீங்க வந்ததுலருந்து குல்லா, மப்ளருன்னு கதை வுட்டுக்கினு கெடக்கேன்.

போளூர்க்காரங்க காதுல யாரோ போட்டதும் இதுதான். அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு. தாலி ஏறுற வரைக்கும் மூச்சு வுடாதன்னா சரசு. இவரு, உன் இஷ்டம்னாரு. கீர்த்தனாவுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. அவள டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போயி காட்டினோம். இப்ப ஒண்ணும் இல்ல, ஆனா கொஞ்சம் வயசானப்புறம் வருசா வருசம் பாத்துக்கணும்னு சொன்னாங்க. அதையும் மறைக்காமச் சொல்லிட்டேன். நீங்க வூட்ல போயி அண்ணன்கிட்ட பேசுங்க, தம்பிகிட்ட பேசுங்க. வேணாம்னு முடிவு பண்ணா நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். உங்க எடத்துல இருந்தா நானும் யோசிப்பேன். ஒண்ணே ஒண்ணு. கீர்த்தனாகிட்ட நீங்க யாரும் சொல்லாதீங்க. என்னாலதான் போச்சுன்னு அவளுக்குத் தெரிய வேணாம். ஜாதகம் ஒத்து வரலன்னு எதையாவது நான் சொல்லிக்கிறேன்.

டீ ஆறிப் போயிருக்கும். சூடு பண்ணட்டுமா.

ஏன் எழுந்துட்டீங்க. பஸ்ஸுக்கா. இப்ப ஒண்ணும் இருக்காது, கொஞ்ச நேரம் ஆவும். இல்லியா. என்னா தேடறீங்க அண்ணி.

டேப்பா.

இருக்கு. வயர் அளக்கறதுக்கு வெச்சிருக்கேன், அந்த ஜன்னலாண்ட டப்பால பாருங்க. ஆனா இது இன்னும் முடியலியே, எத வெச்சி அளவு எடுப்பீங்க. இல்லாமயேவா. இப்ப எப்பிடி இருக்கேனோ அப்பிடியேவா. டைலரு வேணாமா. நீங்களே தச்சிடுவீங்களா. உங்களுக்குத் தைக்க வருமா. எனக்குத் தெரியவே தெரியாதே.

சரி. இருங்க அண்ணி, கதவச் சாத்திட்டு வரேன்.